26 கிலோ பெட்டியும் பக்கத்து வீட்டு யோசனையும்

கேள்வி: மகள் மேல்படிப்புக்காக ஜனவரியில் டொரன்டோ போகிறாள். டெல்லி–டொரன்டோ ஒரு டிக்கெட். சென்னை–டெல்லிக்கு மலிவாகக் கிடைத்ததால் தனியாக இன்னொரு டிக்கெட் எடுத்துவிட்டோம். 23 கிலோவில் இரண்டு பெட்டி கொண்டுபோகலாமாம். மொத்தம் 46 தானே, ஒன்றில் 26, இன்னொன்றில் 20 வைத்தால் போயிற்று என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். 32 அங்குலப் பெட்டி ஒன்றும் வாங்கியாகிவிட்டது. சரிதானா?
— ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்த்தவராக இருப்பார் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கம் போகும் பல விமானங்களில் மொத்த எடைதான் கணக்கு. டிக்கெட்டில் '30கே' என்றிருந்தால் 30 கிலோ. அதைப் பெட்டிகளில் எப்படிப் பிரித்தாலும் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். கனடா, அமெரிக்கா போகும் விமானங்களில் பெட்டிக் கணக்கு. உங்கள் மகளின் டிக்கெட்டில் '2பிசி', அதாவது இரண்டு பெட்டி என்று இருக்கும். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாக 23க்குள் நிற்க வேண்டும். இன்னொரு பெட்டியில் 3 கிலோ இடம் இருக்கிறது என்று கவுன்ட்டரில் சொல்லிப் பயனில்லை.

சொல்லியும் பார்த்திருக்கிறேன். நள்ளிரவு, பின்னால் நீண்ட வரிசை, தராசில் 25.4. தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, இட்லித் தட்டையும் இரண்டு புத்தகங்களையும் உருவி அடுத்த பெட்டிக்குள் திணித்தேன். குளிர்கோட்டை மேலே மாட்டிக்கொண்டேன். சென்னைப் புழுக்கத்தில்!

23ஐத் தாண்டினால் கூடுதல் கட்டணம். பல நிறுவனங்களில் 24 ஆனாலும் 31 ஆனாலும் ஒரே தொகைதான். ஆகவே 26 கிலோ வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான பேரம். கட்டுவதென்று முடிவு செய்தால் 32 வரை நிரப்புங்கள். ஆனால் அதற்கு மேல் பணம் கொடுத்தாலும் ஒரே பெட்டியாக ஏற்க மாட்டார்கள். தூக்கிப்போடும் ஊழியர்களின் முதுகு கருதி வைத்த வரம்பு அது. மூன்றாவது பெட்டிக்கு எவ்வளவு என்பதையும் இணையத்தில் பார்த்து ஒப்பிடுங்கள். விமான நிலையத்தில் கட்டுவதைவிட முன்பே இணையத்தில் கட்டினால் பெரும்பாலும் குறையும்.

அந்த 32 அங்குலப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். சக்கரமும் கைப்பிடியும் அதில் சேர்த்தி. 28 அங்குலப் பெட்டி பொதுவாக அடங்கும், 32 அடங்காது. கடைக்காரர் சொல்வதை நம்பாமல் டேப் வைத்து அளந்து பாருங்கள். பெட்டியின் சொந்த எடையையும் பாருங்கள். கெட்டியான பெரிய பெட்டி காலியாகவே நாலரை கிலோ இருக்கும். இரண்டுக்கும் 9 போக, கையில் நிற்பது 37 கிலோதான்.

இனி எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம்: அந்த மலிவு டிக்கெட். சென்னை முதல் டொரன்டோ வரை ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் டெல்லி வரையிலும் அதே இரண்டு பெட்டிகள் செல்லுபடியாகும். தனி டிக்கெட் என்பதால் உள்நாட்டு விதி பிடித்துக்கொள்ளும்; சாதாரண வகுப்பில் பெரும்பாலும் 15 கிலோ. 46ல் 15 போக, 31 கிலோவுக்குப் பணம். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். வெளிநாட்டு டிக்கெட்டைக் காட்டினால் சலுகை உண்டா என்று அந்த நிறுவனத்திடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் கூடுதல் எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள். டெல்லியில் பெட்டிகளை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், நடுவே நிறைய நேரம் விடுங்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் இரண்டு நிறுவனமும் கையை விரிக்கும். தஞ்சையிலிருந்து சென்னைக்கு ரயிலில் வருவதில் சிக்கல் இல்லை. ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ இலவசம்.

எடை பார்க்க கொக்கியுள்ள சின்ன லக்கேஜ் தராசு வாங்கலாம். வீட்டில் ஆள் எடை பார்க்கும் இயந்திரம் இருந்தால் அதுவே போதும்: பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, சும்மா ஒருமுறை ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள். 22.5ல் நிறுத்துங்கள். வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

கேள்வி: மகனுக்குப் பூஜை சாமான், கொப்பரை, சாம்பார் பொடி, பவர் பேங்க் எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். எது கூடாது?
— மதுரை வாசகி

பதில்: கற்பூரத்தை எடுத்துவிடுங்கள், தீப்பற்றும் பொருள். தீப்பெட்டியும் பெட்டிக்குள் கூடாது. கொப்பரையைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. அதிலுள்ள எண்ணெயால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்ற பட்டியலில் அது இருக்கிறது. ஸ்கேனரில் பார்த்தால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான். அதில் சேமிக்கும் மின்சாரத்தின் அளவு 100 வாட்-மணி வரை தடையில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-மணி, பயமில்லை. சாம்பார் பொடியை நன்றாக மூடி, பெயர் எழுதி செக்-இன் பெட்டியில் வையுங்கள். மகன் எந்த நாட்டுக்குப் போனாலும் உணவுப்பொருள் இருப்பதை இறங்கியதும் சொல்லிவிடட்டும். சொன்னால் அதிகபட்சம் பறிமுதல். மறைத்து மாட்டினால் அபராதம். கனடாவில் அது 1,300 டாலர் வரை போகும்.

கேள்வி: குடிபெயர்ந்து போய் இறங்கியபோது ஒரு பெட்டி வரவில்லை. என்ன கிடைக்கும்?

பதில்: விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் லக்கேஜ் கவுன்ட்டரில் புகார் எழுதி எண் வாங்கியிருக்க வேண்டும். சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, 21 நாள் கழித்தும் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார்; தாமதமாக வந்தால், வந்த 21 நாளுக்குள். உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது சுமார் 2,000 அமெரிக்க டாலர். 2024 டிசம்பர் இறுதியில்தான் இந்த அளவுக்கு உயர்த்தினார்கள். அது உச்சவரம்பு மட்டுமே. தானாகக் கிடைக்கும் தொகை இல்லை. உள்ளே இருந்தவற்றின் பில், மூடுமுன் எடுத்த போட்டோ இருந்தால் பேச வசதி. நகை, சான்றிதழ், லேப்டாப் அதில் இருந்ததாகச் சொன்னால், செக்-இன் பெட்டியில் ஏன் வைத்தீர்கள் என்று முதலில் உங்களைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: 60 கிலோ புத்தகம், போர்வை, தலையணை. விமான கார்கோவில் அனுப்பலாமா?

பதில்: புத்தகத்தை அனுப்பலாம். தலையணையை வேண்டாம். கார்கோவில் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுத்து வரும் எண்ணையும் நிஜ எடையையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 60 சென்டிமீட்டர் உள்ள அட்டைப்பெட்டியில் தலையணையை அடைத்தால், 5 கிலோ கூட இல்லாத சரக்குக்கு 36 கிலோவுக்கான பணம் கட்ட வேண்டி வரும். போய் இறங்கும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.