கோபேக்குப் போகணுமா, தக்காயாமாவிலேயே முடித்துக்கொள்ளலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நவம்பரில் நானும் மனைவியும் ஒன்பது நாள் ஜப்பான் போகிறோம். முதலில் டோக்கியோ, அடுத்து தக்காயாமா, கடைசியில் கியோட்டோவும் ஒசாக்காவும். ஒரு வேளையாவது அசல் வாக்யு சாப்பிட்டுவிட வேண்டும். கோபே மாட்டுக்கறிதான் உச்சம் என்கிறார்கள். அதற்காக ஒரு நாளை ஒதுக்கி அங்கே போகலாமா? மனைவிக்குக் கொழுப்பு அதிகமானால் திகட்டிவிடும். ஒரு பெரிய சாப்பாட்டுக்குப் பணம் எடுத்து வைத்திருக்கிறோம், இரண்டுக்கு இல்லை."

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபேக்காக ஒரு நாள் வேண்டாம். நீங்கள் போகிற தக்காயாமாதான் ஹிடா மாட்டுக்கறியின் சொந்த ஊர். அந்தப் பெரிய சாப்பாட்டை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் மதியத்தில். ராத்திரி கேட்கிற விலையைவிடப் பல கடைகளில் மதியச் செட் கணிசமாகக் குறைவு, கறி அதே கறிதான்.

ஏன் என்று கேட்பீர்கள். வாக்யு என்றால் ஜப்பானிய மாடு, அவ்வளவுதான் அர்த்தம். நான்கு இனங்கள் உண்டு, ஆனால் தட்டுக்கு வருவதில் பெரும்பகுதி கறுப்பு இனம். கோபே, மட்சுசாக்கா, ஓமி, ஹிடா, சென்டாய் என்று நாம் கேள்விப்படுகிற பெயர்கள் எல்லாம் அந்த ஒரே இனத்தை எந்த ஊரில், எந்த விதிப்படி வளர்த்தார்கள் என்பதற்கான முத்திரைகள். கோபே இருக்கிற ஹியோகோ மாகாணத்தில் 1939-இல் பிறந்த தாஜிரி என்ற காளையின் ரத்தம் இன்றைய கறுப்பு வாக்யு ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓடுகிறது. ஹிடா கறிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த யாசுஃபுக்கு என்ற காளையும் ஹியோகோவில் பிறந்து, 1981-இல் தக்காயாமா இருக்கிற கிஃபு மாகாணம் விலைக்கு வாங்கி வந்ததுதான். ஆக கோபேயும் ஹிடாவும் பங்காளிகள். பேர் பெரிய வீட்டுக்குப் போய்விட்டது, சொத்து இரண்டு பக்கமும் இருக்கிறது.

விதிகளில் வித்தியாசம் உண்டு, உங்கள் மனைவியின் பிரச்சினைக்குத் தீர்வும் அதில்தான் இருக்கிறது. கோபே என்று முத்திரை குத்த வேண்டுமானால் ஹியோகோவில் பிறந்து வளர்ந்த, தாஜிமா என்ற அந்த ஊர் வம்சத்து மாடாக இருக்க வேண்டும், கறிக்குள் கொழுப்பு ஓடியிருக்கும் அளவு பன்னிரண்டுக்குக் குறைந்தது ஆறு வந்திருக்க வேண்டும். சென்டாய் இன்னும் கறார். கறியின் தரம் ஒன்று முதல் ஐந்து வரை, ஐந்துதான் உச்சம்; அந்த ஐந்தாம் தரத்துக்குக் கீழே இருந்தால் அந்தப் பெயரே கிடையாது. மட்சுசாக்காவில் கன்று போடாத பசு மட்டும். ஹிடாவுக்கோ, கிஃபுவில் பதினான்கு மாதத்துக்குக் குறையாமல் வளர்த்திருந்தால், மூன்றாம் தரத்திலிருந்தே முத்திரை கிடைக்கும். இந்த மூன்றும் நான்கும் மட்டமான சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கொழுப்பு கொஞ்சம் குறைவு, கறியின் ருசி கூடுதலாகத் தெரியும். திகட்டும் என்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான்.

எல்லோரும் ஏ5, ஏ5 என்கிறார்களே, அதில் 'ஏ' என்பது ஒரு மாட்டை அறுத்தால் எவ்வளவு கறி தேறும் என்ற கணக்கு. அது கறிக்கடைக்காரரின் கவலை, சாப்பிடுகிறவருக்கு அதில் ஒன்றுமில்லை. 5 என்ற எண்தான் தரம், அதில் கொழுப்புக்குப் பெரிய பங்கு. நானே முதல் தடவை டோக்கியோவில் ஒரு கடையில் 250 கிராம் ஏ5 சர்லாயினை, அதாவது முதுகுப் பக்கத்துக் கறியை, தனியாளாக ஆர்டர் செய்து மாட்டிக்கொண்டேன். முதல் மூன்று துண்டு சொர்க்கம். ஆறாவது துண்டில் பச்சைத் தண்ணீர் தேடினேன். மிச்சத்தை வைத்துவிட்டு எழுந்தபோது வயிற்றைவிடப் பணம் எரிந்தது. ஆளுக்கு நூறு கிராம், அதிகம் போனால் நூற்றிருபது, போதும்.

சரி, தக்காயாமாவில் என்ன செய்வது? போய்ச் சேரும் அன்று சாயங்காலத்துக்குள் சன்மாச்சி பழைய தெருவுக்கு நடந்து போங்கள். மரவீடுகள் வரிசையாக இருக்கும், நடுவில் ஒரு கடை வாசலில் கூட்டம் நிற்கும். அங்கே விற்பது ஹிடா கறி சுஷி. மெல்லிய கறித் துண்டைச் சோற்றுக் கட்டியின் மேல் போட்டு, லேசாக நெருப்பு காட்டி, தட்டுக்குப் பதில் அரிசி அப்பளம் மாதிரியான ஒரு சென்பேயின் மேல் வைத்துத் தருவார்கள். சுஷியைத் தின்று தட்டையும் தின்றுவிடலாம். பக்கத்திலேயே குச்சியில் செருகிச் சுட்ட கறியும் கிடைக்கும். கையில் ஆயிரம் இரண்டாயிரம் யென் இருந்தால் இந்தச் சோதனை முடிந்துவிடும். மனைவிக்கு எவ்வளவு கொழுப்பு ஒத்துவருகிறது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டால், மறுநாள் பெரிய சாப்பாட்டில் எதை எடுப்பது என்ற குழப்பம் இருக்காது.

மறுநாள் மதியம் யாக்கினிக்கு, அதாவது மேசையிலேயே அடுப்பு வைத்து நாமே சுட்டுச் சாப்பிடுவது. முன்பக்கம் கறிக்கடை, உள்ளே சாப்பாட்டுக் கடை என்று நடத்துகிற இடமாகப் பாருங்கள். தக்காயாமாவில் மருவாக்கி அப்படிப்பட்டது. இருவருக்கும் சேர்த்து சர்லாயின் ஒரே ஒரு தட்டு, மற்றதெல்லாம் கொழுப்பு குறைந்த சிவப்புக் கறி. அதற்கு அக்காமி என்று கேட்க வேண்டும். தொடைப் பக்கத்து மோமோ, பின்பக்கத்து இச்சிபோ இருந்தால் விடாதீர்கள். சுடும்போது நம்மூர்ப் பழக்கத்தில் நன்றாக வேகட்டும் என்று விட்டுவிட்டால் போச்சு, இந்தக் கொழுப்பு நெய் மாதிரி உருகி ஓடிவிடும், மிஞ்சுவது சக்கை. துண்டின் ஓரம் நிறம் மாறி மேலே வியர்த்த மாதிரி பளபளத்ததும் திருப்புங்கள், மறுபக்கம் அதில் பாதி நேரம்கூட வேண்டாம். முதல் துண்டை உப்பும் கொஞ்சம் வசாபியும் மட்டும் தொட்டுச் சாப்பிடுங்கள். இனிப்புச் சாஸைக் கடைசிக்கு வையுங்கள், அதற்குத் துணைக்குச் சோறு அவசியம்.

ஒரு எச்சரிக்கை. தக்காயாமாவில் ரியோக்கானில், அதாவது பழைய பாணி ஜப்பானிய விடுதியில், தங்குவதாக இருந்தால் முன்பதிவில் ராத்திரிச் சாப்பாட்டில் என்ன தருகிறார்கள் என்று பாருங்கள். பல இடங்களில் ஹிடா கறி அதிலேயே அடக்கம், காய்ந்த ஹோபா என்ற பெரிய இலையில் மீசோ என்கிற சோயா விழுதும் காளானும் வைத்து அதோடு சுட்டுத் தருவார்கள். அப்படியானால் வெளியே போய் இன்னொரு தடவை காசு கொட்டத் தேவையில்லை.

இத்தனை சொல்லியும் கோபே மேல் ஆசை போகவில்லையா? நியாயம்தான், அந்தப் பெயருக்கு அப்படி ஒரு இழுப்பு. அப்போதும் ஒரு நாள் வேண்டாம். ஒசாக்கா நிலையத்திலிருந்து கோபேயின் நடுவில் இருக்கிற சன்னோமியாவுக்கு ஜேஆர் விரைவு ரயிலில் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல்தான், மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கெல்லாம் ஒசாக்கா திரும்பிவிடலாம். தக்காயாமா மதியத்தைச் சின்னதாக்கிவிட்டு இதைப் பெரியதாக்குங்கள். கோபேயில் தெப்பன்யாக்கி சாப்பிடுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது, சூடான இரும்புத் தட்டில் கண்ணெதிரே ஸ்டேக் சுடும் இந்த முறையை 1945-இல் தொடங்கியது கோபேயின் மிசோனோ என்ற கடைதான். கறியோடு வரும் பூண்டுச் சில்லும், அந்தக் கொழுப்பிலேயே வதக்கிய முளைப்பயறும் என்னைக் கேட்டால் ஸ்டேக்குக்கு இணை.

எந்த ஊரிலும் ஏமாறாமல் இருக்க இரண்டு விஷயம். 'வாக்யு' வேறு, 'கொக்குசான்' வேறு. இரண்டாவது ஜப்பானில் வளர்ந்த மாடு என்று மட்டும் சொல்கிறது, அது பால்மாடாகக்கூட இருக்கலாம். அடுத்து, ஜப்பானில் ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்க எண் உண்டு. பைத்தியமாட்டு நோய் வந்த பிறகு 2003-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். கடையில் அந்த எண்ணைக் காட்டச் சொல்லி அரசுத் தளத்தில் தட்டினால் மாடு எப்போது பிறந்தது, என்ன இனம், எந்த மாகாணத்தில் வளர்ந்தது எல்லாம் வந்துவிடும். நல்ல கடைக்காரர் எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். 'கோபே ஸ்டைல்' என்று எழுதியிருந்தால் எண்ணைக்கூடக் கேட்க வேண்டாம், நடையைக் கட்டுங்கள்.

கியோட்டோவில் ஓமி கறி நிறையக் கிடைக்கும், பக்கத்து ஷிகாவிலிருந்து வருவது. ஜப்பானில் மாட்டுக்கறி விலக்காக இருந்த காலத்திலேயே அங்கிருந்து மீசோவில் ஊறவைத்து, மருந்து என்ற பேரில் ஷோகனுக்கு, அதாவது அப்போது நாட்டை ஆண்ட படைத்தலைவருக்கு, அனுப்பினார்களாம். ஆசைக்கு வழி கண்டுபிடிப்பதில் எல்லா ஊரும் ஒன்றுதான். மனைவிக்கு அங்கே ஷாபு-ஷாபு ஒத்துவரும், கொதிநீரில் இரண்டு அலசு அலசிப் புளிப்பான பொன்சு சாஸில் தொட்டால் கொழுப்பு திகட்டாது. இனிப்பான சோயாச் சாஸில் மேசையிலேயே சமைக்கிற சுக்கியாக்கிதான் வேண்டும் என்றால் மட்சுசாக்கா, அங்கே வதாக்கின் என்ற கடை பழைய பேர். ஆனால் போக வர மூன்று மணி நேரம் போய்விடும், இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள்.

ஹலால் பார்க்கிற வாசகர்களும் அடிக்கடி கேட்பதால் ஒரு வார்த்தை: டோக்கியோவிலும் ஒசாக்காவிலும் ஹலால் வாக்யு போடும் யாக்கினிக்குக் கடைகள் இருக்கின்றன. மற்ற இடங்களில் கறியை மட்டும் கேட்டால் போதாது, சாஸையும் கேளுங்கள், அதில் சாக்கே, மிரின் என்ற அரிசி மதுக்கள் சேர்வது சகஜம்.

ஊருக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு வரலாமா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். இந்தியாவுக்கு மாட்டுக்கறி கொண்டுவரத் தடை. நவம்பர் தக்காயாமாவில் இலை நிறம் மாறும் காலம் என்பதால் கூட்டம் இருக்கும், தங்குகிற இடத்திலேயே சொல்லி மதிய மேசையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். அப்படியே கடையின் விடுமுறை நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள், வாரத்தில் ஒரு நாள் மூடிவிடும் கடைகள் அங்கே நிறைய.