பூட்டாத கதவும் சிறைதான்

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் ஒரு ஜவுளிக் கடையில் புடவை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது வாசலில் அலாரம் அடித்தது. செக்யூரிட்டியும் சூப்பர்வைசரும் கீழ்த்தளத்தில் ஓர் அறைக்குக் கூட்டிப்போய், கைப்பேசியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். குழந்தை தனியாக இருக்கிறது, போக வேண்டும் என்றேன். "பேசாம உட்காருங்க, இல்லேன்னா போலீஸ்தான்" என்றார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத்தான், அவர்கள் ஊழியரே டேக்கைக் கழற்ற மறந்தது தெரிந்தது. 'என் விருப்பப்படிதான் இருந்தேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, கதவைப் பூட்டவும் இல்லை. நஷ்டஈடு கேட்க முடியுமா? நினைத்தாலே அசிங்கமாக இருக்கிறது.
- வாசகி, ஈரோடு

பதில்: கேட்கலாம் அம்மா, தாராளமாகக் கேட்கலாம். ஆனால் சீக்கிரம். முறையில்லாமல் அடைத்துவைத்ததற்கு சிவில் வழக்குப் போட 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் கொடுப்பது ஒரே ஒரு வருடம்தான், அதுவும் உங்களை வெளியே விட்ட நாளிலிருந்து. அதில் நான்கு மாதம் போய்விட்டது.

பூட்டாத கதவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 1919-இல் இங்கிலாந்தில், விமானத் தொழிற்சாலை ஒன்றில் வார்னிஷ் திருடியதாகச் சந்தேகப்பட்டு ஒரு தொழிலாளியை அலுவலக அறையில் உட்காரவைத்தார்கள், வெளியே கம்பெனிக் காவலர்கள் நின்றார்கள். தன்னால் வெளியே போக முடியாது என்பதே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், அப்படியிருந்தாலும் அது சிறைவைப்புதான் என்றது நீதிமன்றம். மீரிங் வழக்கு என்று சட்டக் கல்லூரியில் இன்றும் படிக்கிறார்கள். உங்களுக்கோ நன்றாகவே தெரியும், போகிறேன் என்று வாய்விட்டும் சொல்லியிருக்கிறீர்கள்.

அலாரம் அடித்ததும் நிறுத்தி பில்லைக் கேட்டதை நான் குற்றம் சொல்ல மாட்டேன், முதல் ஐந்து நிமிடத்துக்கு எந்த நீதிமன்றமும் பெரிதாக எதுவும் தராது. தப்பு ஆரம்பித்தது நீங்கள் போக வேண்டும் என்று சொன்ன பிறகு. திருடினார் என்று சந்தேகம் வந்துவிட்டால் பிடித்துவைக்கலாம் என்று கடைக்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கண்ணெதிரே நடந்த, ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்துக்குத்தான் தனிநபர் ஒருவரைப் பிடிக்கலாம், பிடித்தால் 6 மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும் (பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். பிரிவு 40). அலாரச் சத்தம் அதற்குப் போதாது. பில்லை ஒத்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகுமா? அதைக்கூடச் செய்யாமல் ஒரு தாயை இரண்டு மணி நேரம் உட்காரவைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அந்தக் கையெழுத்து? மிரட்டி வாங்கியது சம்மதமாகாது. சொல்லப்போனால், விருப்பப்பட்டு இருந்தவரிடம் அப்படி எழுதி வாங்க என்ன அவசியம் என்று உங்கள் வக்கீலே கேட்பார். அப்புறம், 'செக்யூரிட்டி செய்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று முதலாளி கைகழுவ முடியாது, வேலையின் போக்கில் ஊழியர் செய்த தப்புக்கு முதலாளியும் பொறுப்பு. நீங்கள் சொன்ன அந்த அசிங்கத்துக்கும் நஷ்டஈட்டில் இடம் உண்டு, ஆனால் லட்சக்கணக்கில் எதிர்பார்க்காதீர்கள்.

போலீஸில் தனியாகப் புகார் கொடுக்கலாம். முறையில்லாமல் அடைத்துவைத்ததற்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். பிரிவு 127-இல் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் தானாக உங்கள் கைக்கு வந்துவிடாது, அதற்குத்தான் சிவில் வழக்கு.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்கு அழையுங்கள், அல்லது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். கடைக்கு அனுப்பும் முதல் வக்கீல் நோட்டீஸிலேயே அன்றைய சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். பில்லில் அச்சான நேரத்தையும், கைப்பேசி திரும்பக் கிடைத்ததும் வீட்டுக்குப் பேசிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த இரண்டு மணி நேரம் தானே தெரியும். அந்த பில் தாளில் எழுத்து மங்கிவிடும், இன்றைக்கே ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.