மருத்துவர் பதில்: ஊசி இல்லாமல் வலிமை கூட வாரம் மூன்று நாள் போதும்

கேள்வி: என் வயது 29, எடை 68 கிலோ. உட்கார்ந்தே செய்யும் வேலை. எட்டு மாதமாக ஜிம் போகிறேன். ஒரு நாள் மார்பு, ஒரு நாள் முதுகு, ஒரு நாள் தோள் என்று வாரம் ஆறு நாள் பயிற்சி. கடைசி நான்கு மாதமாகத் தூக்கும் எடை கூடவே இல்லை. எப்போதும் அசதி, மல்லாந்து படுத்துக் கம்பியை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் செய்தால் தோள் வலி. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டால்தான் இனி ஏறும் என்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. எளிய முறை ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. ஊசி வேண்டாம் என்ற உங்கள் முடிவில் உறுதியாக இருங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால், விரைகளை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சமிக்ஞை அடங்கிவிடும். விந்தணுக்கள் குறையும், விரைகள் சுருங்கும். நிறுத்திய பிறகு பழைய நிலை திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். நல்ல கொழுப்பு குறைவதும் இதயத் தசை தடிப்பதும் வெளியே தெரியாமல் நடக்கும்.

ஊசி போடுபவரின் அட்டவணையைப் பார்த்து நீங்கள் செய்வதுதான் அடிப்படைத் தவறு. 1996-ல் வெளியான ஓர் ஆய்வில் வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் வீதம் பத்து வாரம் செலுத்தினார்கள். எந்தப் பயிற்சியும் செய்யாமல் மருந்து மட்டும் பெற்றவர்களுக்கே கொழுப்பு நீங்கலான உடல் எடை சுமார் 3 கிலோ கூடியது. மருந்தில்லாமல் பயிற்சி செய்தவர்களுக்குக் கூடியது சுமார் 2 கிலோ. ஆகவே ஒருவரின் உடம்பை மட்டும் பார்த்து அவர் பயிற்சி முறை சிறந்தது என்று சொல்லிவிட முடியாது.

மருந்தில்லாத உடம்பில், ஒரு பயிற்சி தூண்டிவிடும் தசை வளர்ச்சி பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். மார்புக்குத் திங்கட்கிழமை இருபது செட் (நிறுத்தாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று ஒரு செட்) செய்கிறீர்கள் என்றால், பாதியைத் தாண்டிய பிறகு சேர்வது களைப்பு மட்டுமே. பிறகு அடுத்த திங்கள் வரை அந்தத் தசைக்கு வேலை இல்லை. அதே வேலையைப் பிரித்து, ஒவ்வொரு தசைக்கும் வாரத்தில் இரண்டு மூன்று முறை கொடுங்கள்.

இரண்டு அட்டவணை போதும். முதல் நாள்: தோளில் கம்பியுடன் உட்கார்ந்து எழும் ஸ்குவாட் 3 செட், 5 முதல் 8 முறை, பெஞ்ச் பிரஸ் 3 செட், 6 முதல் 10 முறை, எடையை வயிற்றை நோக்கி இழுக்கும் பார்பெல் (நீளக் கம்பி) அல்லது கேபிள் ரோ 3 செட், 8 முதல் 10 முறை. இரண்டாம் நாள்: தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் 2 செட், 5 முதல் 6 முறை, நின்றபடி தலைக்கு மேல் தூக்கும் ஓவர்ஹெட் பிரஸ் 3 செட், 6 முதல் 10 முறை, கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்-அப் அல்லது கம்பியை மேலிருந்து மார்புக்கு இழுக்கும் லாட் புல்டவுன் 3 செட், 8 முதல் 10 முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரம் மூன்று தடவை, மாறி மாறிச் செய்யுங்கள். கைத்தசைக்குக் கடைசியில் இரண்டு செட் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் தேவையில்லை. பெரிய பயிற்சிகளில் செட்டுக்கு இடையே 2 முதல் 3 நிமிடம் ஓய்வு அவசியம். மூச்சு வாங்குவதற்குள் அடுத்த செட்டில் இறங்கினால் வலிமை அல்ல, மூச்சுதான் உங்களைத் தடுக்கும்.

வார்ம்-அப்பை நீட்ட வேண்டாம். 50 கிலோ ஸ்குவாட் என்றால், 20 கிலோ வெறும் கம்பியில் 8 முறை, 35 கிலோவில் 5 முறை, 45 கிலோவில் 2 முறை. பிறகு நேராக 50 கிலோவில் உண்மையான செட்.

எடையை எப்போது கூட்டுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் மூன்று செட்டிலும் 10 முறை சுத்தமாக வந்தால், அடுத்த தடவை மொத்தம் 2.5 கிலோ கூட்டுங்கள். எண்ணிக்கை 7, 6 என்று இறங்கும், அது சரிதான். மீண்டும் 10-க்கு ஏறிய பிறகு அடுத்த 2.5 கிலோ. தொடர்ந்து இரண்டு தடவை கீழ் எல்லையான 6-ஐக்கூடத் தொட முடியவில்லை என்றால், 10 சதவீதம் குறைத்து மறுபடி ஏறி வாருங்கள். ஒவ்வொரு செட்டையும் இன்னும் ஒன்றிரண்டு முறை தூக்க முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். கம்பி மேலேறும் வேகம் சட்டென்று குறைவதே அதற்கு அடையாளம். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். எழுதாதவர்கள் மாதக்கணக்கில் ஒரே எடையைத் தூக்கிக்கொண்டிருப்பதை அவர்களே கவனிப்பதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே எடையில் செட்டைப் பாதியாக்கி ஒரு வாரம் இலகுவாக விடுங்கள்.

எடை கூடக் கூட ஸ்குவாட்டின் ஆழம் குறைந்துகொண்டே வந்தால், அதை முன்னேற்றமாகக் கணக்கில் எடுக்காதீர்கள். டெட்லிஃப்ட்டில் கீழ்முதுகு வளையத் தொடங்கினால் அந்த செட் அதோடு முடிந்தது.

தோள் வலிக்குப் பெரும்பாலும் முழங்கைகளை உடம்புக்கு நேர் பக்கவாட்டில் விரித்துத் தூக்குவதே காரணம். தோள்பட்டை எலும்புகளைப் பின்னுக்கு இழுத்து பெஞ்சில் அழுத்துங்கள். முழங்கை உடம்போடு 45 முதல் 60 டிகிரி சாய்வில் இருக்கட்டும். அப்படியும் வலித்தால், உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி டம்பெல் பிடித்துச் செய்யுங்கள். இரவில் வலி எழுப்பினாலோ, கையைத் தூக்கவே முடியாவிட்டாலோ எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உங்கள் அசதிக்கு உணவும் தூக்கமும் பாதிக் காரணமாக இருக்கலாம். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம், அதாவது உங்களுக்கு நாளுக்குச் சுமார் 110 கிராம், மூன்று நான்கு வேளையாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். வாரத்துக்கு 150 முதல் 300 கிராம் வரை உடல் எடை கூடுவது நல்ல வேகம். ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்குங்கள். துணை மருந்தில் பணம் போடத் தகுந்தது கிரியேட்டின் மோனோஹைட்ரேட் மட்டுமே. தினமும் 3 முதல் 5 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

தொடங்கும் முன் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகமாக இருந்தால் முதலில் அதைக் கட்டுப்படுத்தி, மூச்சை அடக்காமல், தூக்கும்போது வெளியே விட்டுப் பயிற்சி செய்யுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், அடர் பழுப்பு நிறச் சிறுநீர், இடுப்பிலிருந்து கால் வரை இறங்கும் மரத்துப்போதல், கவட்டையில் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால், நீங்கள் எடை தூக்குவதையும் கிரியேட்டின் எடுப்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கடும் பயிற்சிக்குப் பின் தசையிலிருந்தே ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற நொதிகளின் அளவுகள் பல நாள் உயர்ந்து நின்று கல்லீரல் நோய் போலத் தோன்றும். கிரியேட்டின் எடுப்பவர்களுக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும், சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் சற்றுக் கூடிக் காட்டலாம். பரிசோதனைக்கு முன் ஒரு வாரம் கடினமான பயிற்சியை நிறுத்தி வைத்தால் வீண் பயமும் வீண் ஸ்கேனும் மிச்சம்.