78 அங்குலக் கராஜ் கதவும் அடுத்த வருட மோட்கேஜும்

கேள்வி: அக்கா, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் 1970களில் கட்டிய வீடு எங்களுடையது. இரண்டு கார் நிற்கும் கராஜின் மரக் கதவு அடிப்பக்கம் உக்கிவிட்டது. ஸ்பிரிங்கும் இரண்டு தடவை உடைந்துவிட்டது. வாசல் 16 அடி அகலம், ஆறரை அடி உயரம். இந்த உயரத்துக்கு ரெடிமேட் கதவு கிடைக்காது என்று சொல்லி, சீடர் மரத்தில் செய்து தர ஒரு நிறுவனம் வரி இல்லாமல் 13,500 டொலர் கேட்கிறது. 12 சதவீத வட்டியில் 60 மாதத் தவணையும் தருவார்களாம். வீட்டை விற்கும்போது போட்ட காசு இரட்டிப்பாகத் திரும்பும் என்கிறார்கள். இன்னொருவர் மர நிறத்தில் இன்சுலேஷன் போட்ட ஸ்டீல் கதவுக்கு 4,600 டொலர் என்று போனில் சொன்னார். கராஜுக்கு மேலேதான் மகளின் அறை, குளிர்காலத்தில் நடுங்குகிறாள். ரி.எஃப்.எஸ்.ஏ.யில் (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) 18,000 டொலர் இருக்கிறது, வேறு சேமிப்பு இல்லை. மாதச் செலவு 5,000, எல்லாம் போக 700 மிஞ்சும். 1.9 சதவீதத்தில் எடுத்த ஐந்து வருட மோட்கேஜ் (வீட்டுக் கடன்) ஒப்பந்தம் அடுத்த வருடம் முடிகிறது, புது வட்டியில் புதுப்பிக்க வேண்டும். அப்போது 380,000 டொலர் பாக்கி, 20 வருடம் கட்ட வேண்டியிருக்கும். என் கணவருக்கு மரக் கதவில்தான் ஆசை. ஆர்.ஆர்.எஸ்.பி.யில் (ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கு) இருந்து எடுக்கலாமா என்றும் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, கதவுக்கு வருமுன் மோட்கேஜைப் பார்த்துவிடுவோம். உங்கள் முடிவு அங்கேதான் இருக்கிறது.

380,000 டொலரை 20 வருடத்தில் கட்டி முடிக்க, 1.9 சதவீதத்தில் மாதம் சுமார் 1,900 டொலர் ஆகும். 4.2 சதவீதம் என்று வைத்தால் அது 2,300ஐத் தாண்டும். உங்களுக்கு வரப்போகும் வட்டி இதற்குக் கொஞ்சம் மேலே கீழே இருக்கலாம், ஆனால் மாதம் 400 டொலருக்கு மேல் கூடும் என்று இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள். இன்று மிஞ்சும் 700, அப்போது 300 ஆகிவிடும்.

இனி அந்தத் தவணையைப் பாருங்கள். 13,500 டொலருக்கு 13 சதவீத எச்.எஸ்.ரி. (விற்பனை வரி) சேர்த்தால் 15,255. அதை 12 சதவீதத்தில் 60 மாதம் கட்டினால் மாதம் 339 டொலர், மொத்தம் ஏறக்குறைய 20,360. வட்டி மட்டும் ஐயாயிரத்துக்கு மேல்! 300 மிஞ்சும் வீட்டில் 339 டொலர் தவணைக்கு இடமே இல்லை. ஒரு கார் ரிப்பேர் வந்தாலும் கிரெடிட் கார்டில்தான் போய் நிற்கும். அதனால் இந்தத் தவணை வேண்டவே வேண்டாம். வீட்டின் பேரில் வங்கி தரும் லைன் ஒஃப் கிரெடிட்டில் எடுத்தால் வட்டி குறையும், ஆனாலும் வீட்டை ஈடு வைத்த கடன் அது. அழகுக்காக அதைத் தொடாதீர்கள்.

ஆர்.ஆர்.எஸ்.பி.யும் வேண்டாம். 5,000க்கு மேல் 15,000 வரை எடுத்தால் வங்கி அப்போதே 20 சதவீதம் வரி பிடிக்கும். எடுத்த முழுத் தொகையும் அந்த வருட வருமானத்தில் சேர்வதால் வரித் தாக்கலின்போது இன்னும் கட்ட வேண்டி வரலாம். போட்ட இடமும், அதாவது அந்தக் கணக்கில் காசு போட அனுமதித்த அளவும், திரும்பக் கிடைக்காது. ரி.எஃப்.எஸ்.ஏ. அப்படியில்லை. எடுத்த தொகைக்கான இடம் அடுத்த ஜனவரி 1ஆம் தேதி மறுபடி கிடைக்கும். எடுப்பதாக இருந்தால் ஜனவரியில் எடுப்பதைவிட டிசம்பரில் எடுப்பது நல்லது.

சரி, கதவுக்கு வருவோம். ஆறரை அடிக்குக் கதவு கிடைக்காது என்பது சரியான பேச்சு இல்லை. ஸ்டீல் கராஜ் கதவுகள் பெரும்பாலும் 18 அங்குலம், 21 அங்குலம் உயரமுள்ள பலகைகளை அடுக்கித்தான் வருகின்றன. ஏழு அடிக் கதவு என்றால் 21 அங்குலத்தில் நான்கு. உங்களுக்கு 21இல் இரண்டு, 18இல் இரண்டு, கூட்டினால் 78 அங்குலம், அதாவது ஆறரை அடி. ஓடர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், கொஞ்சம் கூடுதலாகவும் கேட்கலாம், அவ்வளவுதான். அளவுக்காகச் செய்விப்பது வேறு, தோற்றத்துக்காகச் செய்விப்பது வேறு. உங்களிடம் முதலாவதின் பெயரைச் சொல்லி இரண்டாவதை விற்கப் பார்க்கிறார்கள். எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான்.

காசு இரட்டிப்பாகத் திரும்பும் என்ற பேச்சுக்கும் ஒரு மூலம் இருக்கிறது. அமெரிக்காவில் ரீமாடலிங் என்ற இதழின் பெயரில் வருடாவருடம் வெளிவந்த கணக்கு அது. 2024இல் கராஜ் கதவு மாற்றச் சராசரியாக 4,513 அமெரிக்க டொலர் செலவு, விற்கும்போது 8,751 டொலர் மதிப்புக் கூடும் என்று போட்டிருந்தார்கள், கிட்டத்தட்ட 194 சதவீதம். ஆனால் அது 16க்கு 7 அடி அளவில், நான்கு பலகை கொண்ட சாதாரண ஸ்டீல் கதவு, பழைய மோட்டாரையே வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. உங்களிடம் சொல்லும் சீடர் கதவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் வீட்டை விற்கப் போவதாகவும் எழுதவில்லை. விற்காத வரைக்கும் அந்த மதிப்பில் ஒரு சதம்கூட உங்கள் கைக்கு வராது.

மரம் அழகுதான், உங்கள் கணவரின் ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே பனி உருகி, உப்புத் தண்ணீர் கதவின் அடியில்தான் தேங்குகிறது. பழைய கதவு உக்கியதும் அதே இடத்தில்தானே? சில வருடத்துக்கொரு முறை மெருகு பூசியே ஆக வேண்டும். பாரமும் அதிகம் என்பதால் ஸ்பிரிங்கையும், சில வேளை மோட்டாரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டி வரும்.

ஸ்பிரிங் பற்றி ஒன்று. சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 தடவை திறந்து மூடும் கணக்கில் வருகிறது. ஒரு நாளைக்கு நான்கு தடவை என்றால் ஏழு வருடம்கூட வராது. உங்கள் வீட்டில் எல்லோரும் கராஜ் வழியாகத்தான் போய் வருகிறீர்கள் என்றால் இன்னும் சீக்கிரம் போகும். 20,000 தடவைக்கு மேல் தாங்கும் ஸ்பிரிங்குக்குத் தனியாக விலை கேளுங்கள். கூடுதலாகக் காசு போடுவதாக இருந்தால் இதில் போடுங்கள். உடைந்த ஸ்பிரிங்கை மட்டும் வீட்டில் யாரும் கழற்ற வேண்டாம், உயிராபத்து.

மகளின் அறை கதவால் மட்டும் சூடாகிவிடாது. இன்சுலேஷனும், அடியிலும் பக்கங்களிலும் நல்ல ரப்பரும் இருந்தால் கொஞ்சம் உதவும். ஆனால் குளிர் ஏறுவது பெரும்பாலும் கராஜ் கூரைக்கும் அறையின் தரைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிகளால். கதவில் மிச்சமாகும் காசை அங்கே செலவழித்தால் பிள்ளைக்கு நிம்மதியான தூக்கம் கிடைக்கும்.

கணக்கு இப்படி: ஸ்டீல் கதவு 4,600, வரியோடு 5,198. உயரத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் சேர்த்து 6,000 என்று வையுங்கள். மூன்று மாதச் செலவான 15,000 ரி.எஃப்.எஸ்.ஏ.யில் அப்படியே இருக்கட்டும். மேலே உள்ள 3,000ஐ எடுக்கலாம். மீதி 3,000ஐ மாதம் 700 போட்டால் ஐந்தாவது மாதம் சேர்ந்துவிடும். மோட்கேஜ் கூடுவதற்கு முன் முடித்துவிடலாம், கடனே இல்லை.

போனில் சொன்ன விலையை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள். ஆள் வந்து அளந்து, 78 அங்குலம் என்றும், பழைய கதவை அகற்றுவதும் சேர்த்தி என்றும் எழுதித் தரட்டும். ஒன்ராறியோ சட்டப்படி, ஒப்பந்தத்தில் எழுதிய மதிப்பீட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல், உங்கள் சம்மதம் இல்லாமல் வாங்க முடியாது. வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை, பிரதி கிடைத்த 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். சீடர் கதவுக்கு ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றே தேதியைப் பாருங்கள், எழுத்தில் அறிவியுங்கள்.

முற்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மீதியைக் கொடுக்குமுன், மோட்டாரின் இணைப்பை விடுவித்துவிட்டுக் கதவைக் கையால் பாதி உயரத்துக்குத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். விட்ட இடத்தில் நின்றால் ஸ்பிரிங் சரியாகப் பொருந்தியிருக்கிறது, காசைக் கொடுக்கலாம். இறங்கினாலோ ஏறினாலோ சரிசெய்த பிறகு கொடுங்கள்.