கேள்வி பதில்: அடிமையும் சக்கரவர்த்தியும்

கேள்வி: யூடியூபைத் திறந்தால் ஆளாளுக்கு 'ஸ்டோயிக் ஆகுங்கள்' என்கிறார்கள். பழைய கிரேக்கத் தத்துவத்துக்கு இப்போது ஏன் இந்த மவுசு?

பதில்: பழசுதான். கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸில் சீனோ என்பவர் ஓவியங்கள் நிறைந்த ஒரு தூண் மண்டபத்தில் பாடம் நடத்தினார், மண்டபத்துக்கு கிரேக்கத்தில் 'ஸ்டோவா', அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஆனால் இன்று நம் கைக்கு முழுசாகக் கிடைப்பது பெரும்பாலும் ரோமானியர் காலத்துச் சரக்கு. அடிமையாக இருந்து விடுதலையான எபிக்டெட்டஸ், உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று முதலில் பிரித்துப் பார் என்றார். இன்டர்வியூவுக்குத் தயாராவது உங்கள் கையில். வேலை தருவது அவர்கள் கையில். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் முன்னோடி ஆல்பர்ட் எல்லிஸ்கூட இவரிடம் கடன்பட்டதை ஒப்புக்கொண்டவர்தான்.

எனக்குப் பிடித்தவர் மார்க்கஸ் ஆரேலியஸ். 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட பேரரசர், தனக்காக மட்டும் எழுதி வைத்த குறிப்புகளில், காலையில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கவா பிறந்தாய் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். அலாரத்தை அணைத்துவிட்டுப் புரண்டு படுக்கும் நமக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி தெரிவதில் ஆச்சரியம் என்ன?

கேள்வி: அப்படியானால் மரக்கட்டையாக இருக்கச் சொல்கிறார்களா?

பதில்: இல்லை. கோபம், பயம் போன்றவை நம்மை இழுத்துக்கொண்டு ஓடக்கூடாது என்றார்களே தவிர, அன்பையோ மகிழ்ச்சியையோ விடச் சொல்லவில்லை. நீதியும் அவர்களுக்கு முக்கியம், வீடியோக்காரர்கள் அதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். சரி, சொன்னபடி எல்லாரும் வாழ்ந்தார்களா என்றால், எளிமையைப் போற்றிய ரோமானிய ஸ்டோயிக் எழுத்தாளர் செனெக்கா பெரும் பணக்காரர்!