படகெலும்பு முறிவுக்குப் பின் எப்போது மீண்டும் சைக்கிள் ஓட்டலாம்?

சைக்கிளிலிருந்து கையூன்றி விழுந்ததில் மணிக்கட்டின் படகெலும்பு (கட்டைவிரல் பக்கமுள்ள சிறிய எலும்பு, scaphoid) முறிந்தது, மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று, இனி ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டைப் பிரித்த நாளையே எலும்பு கூடிய நாளாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தச் சிறிய எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து முன்கைப் பக்கம் நோக்கியே செல்கிறது. முறிவு அந்த ஓட்டத்தைத் தடுக்கக்கூடும். ஆகையால் எலும்பு கூட, நடுப்பகுதியில் முறிந்தால் 8 முதல் 12 வாரங்களும், முன்கையை ஒட்டிய முனையில் முறிந்தால் அதைவிட நீண்ட காலமும் ஆகக்கூடும். எக்ஸ்ரேயில் ஐயம் இருப்பின், சி.டி. ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கூடாமல் விடப்பட்ட எலும்பு பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானத்தில் கொண்டுபோய் விடும்.

எலும்பு கூடிய பின்னும் மணிக்கட்டு விறைத்தும் பிடி தளர்ந்தும் இருக்கும். ஈரத்துண்டைப் பிழியவும், மேசைமேல் உள்ளங்கையை ஊன்றி உடற்பாரத்தைச் சாய்க்கவும் வலியின்றி முடிகிறதா என்று பாருங்கள். பின்னர், நிற்கும் சைக்கிளில் அமர்ந்து பிரேக்கை முழுதாக அழுத்திச் சில விநாடிகள் பிடித்திருங்கள். நாய் குறுக்கே பாயும்போது தேவைப்படுவது அந்த அழுத்தம்தான். அது கைவராதவரை சாலைக்கு வரவே கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன்.

முதலில் சமதளச் சாலையில் 15 நிமிடம் போதும். ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்தினால் கைமேல் விழும் பாரம் குறையும். கட்டைவிரலை விரிக்கும்போது அதன் அடியில் தோன்றும் குழியில் மீண்டும் வலித்தால், ஓட்டுவதை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.