விமானங்களுக்கு வழிசொல்லும் கட்டுப்பாட்டு டவர் இல்லாத சரளைக்கல் ஓடுதளத்தில் சிறிய விமானத்தை இறக்குவது எப்படி இருக்கும்? பயமாக இருக்காதா?

முதல் சில தடவை எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, அது இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன்.

நான் அலாஸ்காவில், ஆங்கரேஜ் நகரத்தில் வசிக்கிறேன். நண்பர் ஒருவரோடு பங்கு போட்டு வாங்கிய பழைய செஸ்னா 172 என்ற சிறிய விமானம் ஓட்டுகிறேன். நீங்கள் கேட்ட மாதிரி இடங்களில் நான் அதிகம் போய் வந்தது மெக்கார்த்திக்குத்தான், அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

மெக்கார்த்தி, ரேங்கல் - செயின்ட் எலியாஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் மிகச் சிறிய ஊர். பக்கத்தில் கென்னிகாட்டில் 1938 வரை தாமிரச் சுரங்கம் ஓடியது. அந்தக் காலத்து ரயில் பாதையின் மேல் போட்ட 60 மைல் கல் ரோடு ஒன்று சிட்டினா என்ற ஊரிலிருந்து வருகிறது. அதுவும் ஆற்றங்கரையோடு முடிந்துவிடும், அப்புறம் நடைபாலம்தான். தபாலே வாரம் இரண்டு முறை விமானத்தில் வருகிற ஊர் அது. ஓடுதளம் சுமார் 3,500 அடி நீளம், 60 அடி அகலம், முழுக்கச் சரளை.

60 அடி என்றால் தாராளமாகத் தோன்றும். என் விமானத்தின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 36 அடி. சரியாக நடுக்கோட்டில் இறங்கினாலும் இரண்டு பக்கமும் 12, 12 அடிதான் மிச்சம். பெரிய விமான நிலையத்தின் அகலமான ஓடுதளத்துக்குப் பழகிய கண்ணை இந்தக் குறுகல் நன்றாக ஏமாற்றும். இருக்கிற உயரத்தைவிட அதிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும், நம்மை அறியாமலே விமானத்தைத் தாழ்த்திக்கொண்டே போவோம். சரியான சரிவில் வருகிறோமா என்று காட்டும் சிவப்பு வெள்ளை விளக்குகளும் அங்கே கிடையாது.

சரி, டவர் இல்லாவிட்டால் யார் யாருக்கு வழிவிடுவது? எல்லா விமானிகளும் ஒரே அலைவரிசையில், தான் எங்கே இருக்கிறேன், என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். அது எந்த அலைவரிசை என்பது வரைபடத்தில் அச்சிட்டிருக்கும். பேசும்போது முதலிலும் கடைசியிலும் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பள்ளத்தாக்கு ஓடுதளமும் அதே அலைவரிசையில் இருந்தால், யாருக்குச் சொல்கிறோம் என்பது அப்போதுதான் தெரியும். பதில் வரும் என்று எதிர்பார்த்துப் பேசுவதில்லை. யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் பேசுகிறோம்.

என் முதல் மெக்கார்த்திப் பயணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் மாதம், நல்ல வெயில். மட்டனுஸ்கா பள்ளத்தாக்கு வழியாக ஏறி, டானெட்டா கணவாயைத் தாண்டி, குல்கானா விமான நிலையத்தில் இறங்கி டாங்கை நிரப்பினேன். அங்கிருந்து காப்பர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு தெற்கே சிட்டினா, அப்புறம் கிழக்கே திரும்பினால் மெக்கார்த்தி. பத்து மைல் தூரத்தில் சொன்னேன், ஐந்து மைலில் சொன்னேன். ஒரு சத்தமும் இல்லை. ஆள் நடமாட்டமே இல்லை போலிருக்கிறது என்று மனம் லேசாகிவிட்டது. கென்னிகாட் பனியாற்றின் முகப்பு, யாரோ லாரி லாரியாக மண் கொட்டியது போலச் சாம்பல் நிறக் குவியல்களாகத் தெரிந்தது. சுரங்கக் கழிவு என்றுதான் நினைத்தேன். அவ்வளவும் கல் போர்த்திய பனி. அதை வேடிக்கை பார்த்தபடியே ஓடுதளத்தின் மேல் வந்து கீழே குனிந்தால், மஞ்சள் நிற சூப்பர் கப் விமானம் ஒன்று அப்போதுதான் தரையை விட்டு எழும்பிக்கொண்டிருந்தது.

ரேடியோவைப் பார்த்தேன். அலைவரிசை குல்கானாவிலேயே நின்றிருந்தது. நான் இவ்வளவு நேரமும் வேறு ஊருக்குப் பேசிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கை வியர்த்துவிட்டது. நல்லவேளை, நான் நேராக இறங்கப் போகாமல் மேலேயே கடந்துகொண்டிருந்தேன். ஆற்றுப் பக்கம் விலகிப் போய், அலைவரிசை எண்ணை மாற்றி, முதலிலிருந்து சொன்னேன். உடனே பதில் வந்தது: “இப்போதுதான் உங்கள் குரல் கேட்கிறது. உங்களைப் பார்த்துவிட்டேன், நான் தெற்கே போகிறேன்.” அன்றிலிருந்து பத்து மைல் தூரத்தில் அந்த எண்ணை விரலால் தொட்டு, வாய்விட்டுப் படிக்கிறேன். நாம் சரியாகவே பேசினாலும் எதிரே ரேடியோவே இல்லாத விமானம் வரலாம். இப்படிப்பட்ட இடங்களில் ரேடியோ சட்டப்படி கட்டாயம் கிடையாது. கண்தான் முதல், காது அப்புறம்.

எனக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுத்த பெண்மணி அலாஸ்காவிலேயே பல வருடம் பறந்தவர். ஆங்கரேஜின் லேக் ஹூட் விமான நிலையத்தில் சுமார் 2,200 அடிக்கு ஒரு சரளை ஓடுதளம் இருக்கிறது. டவர் இருக்கிற இடம் என்பதால், சரளையை மட்டும் தனியாகப் பழக அது வசதி. அங்கேதான் என்னைத் திரும்பத் திரும்ப இறங்க வைத்தார். தெரியாத இடத்துக்குப் போனால் நேராக இறங்கக் கூடாது, முதலில் மேலே ஒரு சுற்று வர வேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. மெக்கார்த்தி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 அடி. இறங்கும் விமானங்கள் ஓடுதளத்தைச் சுற்றி வரும் உயரம் தரையிலிருந்து 1,000 அடி, ஆக 2,500. அதற்கும் மேலே 500 அடி விட்டு, 3,000 அடியில் கடந்து, காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைப் பார்க்கிறேன். பனியாற்றுப் பக்கமிருந்து குளிர்காற்று இறங்கி வரும். ஓடுதளத்தின் இரண்டு முனையிலும் காற்று ஒரே மாதிரி இருக்கும் என்று நம்ப முடியாது.

யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு தாழ்வாக ஒரு முறை, ஓடுதளத்துக்குச் சற்று வலப்பக்கமாகப் பறப்பேன். நான் இடது இருக்கையில் இருப்பதால் தரை முழுவதும் என் ஜன்னலில் தெரியும். கருப்பாகத் தெரிவது ஈரம், கோடு கோடாகத் தெரிவது சக்கரத் தடம். ஒரு தடவை ஓரத்துப் புதரிலிருந்து மூஸ் என்ற பெரிய மான் ஒன்று குட்டியோடு நடுவில் வந்து நின்றது. இரண்டாவது சுற்றில் போய்விட்டது.

இறங்குவதில் பெரிய வித்தை இல்லை, வேகம் முக்கியம். இறக்கையின் பின்விளிம்பில் மடங்கும் ஃபிளாப்பை முழுசாக இறக்கி, சுமார் 60 நாட் வேகத்தில் வருவேன். தூரக் கணக்கில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். கையேட்டில் இருக்கும் எண் காய்ந்த, சமமான தார் ஓடுதளத்துக்கானது. 172எஸ் மாடலின் கையேடு, காய்ந்த புல்தரை என்றால் தரையில் ஓடும் தூரத்தோடு 45 சதவீதம் கூட்டச் சொல்கிறது. சரளைக்குத் தனிக் கணக்கு இல்லை, நான் இரண்டு மடங்கு வைத்துக்கொள்கிறேன். சக்கரம் தொட்டதும் அடிவயிற்றுத் தகரத்தில் கல் தெறிக்கும் சத்தம் படபடவென்று கேட்கும். அதைக் கேட்டுப் பதறி பிரேக்கை மிதிக்கக் கூடாது. யோக் என்ற கட்டுப்பாட்டுக் கைப்பிடியை வயிறு வரை இழுத்துப் பிடித்து, மூக்குச் சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து, தானாக வேகம் குறைய விட வேண்டும்.

சரளையின் உண்மையான பகை ப்ரொப்பெல்லரோடுதான். நின்ற இடத்தில் இன்ஜினை வேகமாக ஓட்டினால் அதன் முனையில் சின்னச் சுழல் உண்டாகி, தரையிலிருக்கும் கல்லை அப்படியே மேலே உறிஞ்சும். அதனால் புறப்படும் முன் செய்யும் இன்ஜின் சோதனையை உருண்டுகொண்டே செய்கிறேன், பவரையும் உருள ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறேன். அப்போது கல் எழும்புவதற்குள் விமானம் அதைத் தாண்டிவிடும். ஒவ்வொரு முறை இறங்கி நிறுத்தியதும், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ப்ரொப்பெல்லரின் முன்விளிம்பில் நகத்தை வைத்துத் தடவிப் பார்ப்பேன். போன வருடம் நகம் ஓரிடத்தில் சிக்கியது. கடுகளவு பள்ளம்தான். அப்படியே விட்டால் அங்கிருந்து விரிசல் ஓடி, பறக்கும்போதே நுனி ஒடிந்துபோகலாம். ஆங்கரேஜிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்து, அவர் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதான் கிளம்பினேன். அதற்காக இரண்டு ராத்திரி அங்கேயே தங்க வேண்டியிருந்தது. வால் இறக்கையின் அடிப்பக்கமும் பாருங்கள். சக்கரம் வீசும் கற்கள் அங்கேதான் போய் அடிக்கும்.

நீங்கள் வாடகை விமானம் ஓட்டுபவர் என்றால், முதலில் ஒப்பந்தத்தையும் காப்பீட்டையும் படியுங்கள். வாடகைக்கு விடும் பலர் சரளையில் இறக்கவே அனுமதிப்பதில்லை.

கடைசியாக ஒன்று. டவர் இல்லை என்றால், நீங்கள் பத்திரமாக இறங்கியது யாருக்கும் தெரியாது. எங்கே போகிறேன், எப்போது சேர்வேன் என்று முன்கூட்டியே பதிவு செய்யும் பறப்புத் திட்டம் கொடுத்திருந்தால், சொன்ன நேரத்துக்கு மேல் 30 நிமிடம் ஆகியும் அதை முடித்து வைக்காவிட்டால் தேட ஆரம்பிப்பார்கள். அதனால் இன்ஜினை நிறுத்தி, ப்ரொப்பெல்லரைத் தடவிப் பார்த்ததும் அடுத்த வேலை அதுதான். செல்போன் சிக்னலை நம்பாமல் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வைத்திருக்கிறேன். திட்டத்தை முடித்து வைத்துவிட்டு, அதிலேயே வீட்டுக்கும் ஒரு வரி அனுப்புவேன்: “இறங்கியாச்சு.”